மொட்டை மாடியில் கிட்டாருக்குப் பெயிண்ட்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கலாமா என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று திருப்பிக் கேட்பேன். யூடியூபில் இதைச் செய்து காட்டுபவர்களில் பாதிப்பேர் குளிர் நாட்டுக்காரர்கள். கராஜில் ஹீட்டர் போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். சென்னை பெரம்பூரில் எனக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, ஈரம்தான் பிரச்சினை.

பெயிண்டில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது அடித்த பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது அந்தப் பரப்பில் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பளபளவென்று இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகப் பூத்துப்போகும். அதனால் மாசி, பங்குனிதான் என் கணக்கு. காலைப் பனி ஈரம் காய்ந்து பத்து மணி ஆன பிறகு தொடங்கி, நடுப்பகலில் கடல் காற்று உள்ளே வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கேனைத் தொடுவதில்லை. ஆடியில் காற்றும் தூசியும், ஐப்பசிக்கு மேல் மழை. மாடியில் வேலை செய்பவருக்கு வருஷத்தில் கொஞ்ச நாள்தான் வாய்க்கும்.

இந்த முறை மேசைக்கு வந்தது ஸ்ட்ராட் (அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல்) வடிவத்தில் ஒரு பழைய கிட்டார். கல்லூரி நாளில் நான் வாசித்தது, இப்போது அக்கா பையன் கையில் இருக்கிறது. "மாமா, எந்தக் கலர் வேணா அடிங்க, கறுப்பு மட்டும் வேண்டாம்" என்றான். நல்ல பையன். இளம் பச்சை என்று முடிவானது. ஃபெண்டர் கம்பெனியின் பழைய நிற அட்டையில் 'சர்ஃப் கிரீன்' என்று ஒன்று உண்டு. அது 1957 செவர்லே காரின் நிறம். 'ஃபியஸ்டா ரெட்' 1956 ஃபோர்டு தண்டர்பேர்டிலிருந்து வந்தது, 'லேக் பிளாசிட் புளூ' 1958 காடிலாக்கிலிருந்து. பெரும்பாலும் கிட்டாருக்கென்று தனியாக நிறம் கண்டுபிடிக்கவில்லை. டூபான்ட் கம்பெனியின் டூக்கோ, லூசைட் கார் பெயிண்டுகளை வாங்கித்தான் அடித்தார்கள். அப்படிக் கேட்டு வாங்குபவர்களிடம் விலையில் 5 சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள். ஆகவே நானும் இசைக்கருவிக் கடைக்குப் போகாமல் ஜி.பி. ரோடு பக்கம் கார் பெயிண்ட் கடைக்குத்தான் போனேன். நிறத்தைக் காட்டினால் கலந்து ஸ்ப்ரே கேனிலேயே அடைத்துத் தருகிறார்கள். ஓர் உடலுக்கு 400 மில்லி அளவில் பிரைமர் ஒன்று, கலர் இரண்டு, கிளியர் (மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) இரண்டு கேன் போதும். முதல் தடவை செய்பவர்கள் மெட்டாலிக் பக்கம் போகாதீர்கள். கலரின் மேல் தேய்த்தால் வெள்ளித்துகள் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும், எதையும் மறைக்க முடியாது.

பழைய பெயிண்ட்டை மரம் தெரியும்வரை உரிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லும். எதற்கு என்று தெரியவில்லை. ஃபேக்டரியில் அடித்த பாலியெஸ்டர் பூச்சு கல்லு மாதிரி கெட்டி. வழவழப்பாக, மட்டமாக, ஒரு அடித்தளம் ஓசியில் கிடைத்திருக்கிறது. அதை ஹீட் கன் வைத்து, அந்த நாற்றத்தை முகர்ந்துகொண்டு உரித்துவிட்டு, அப்புறம் மரத்தின் துளைகளை அடைக்க இன்னொரு வாரம் உட்கார வேண்டுமா? பளபளப்பு போகும்வரை 320, பிறகு 400 வாட்டர் பேப்பர் (எண் கூடக்கூட நைசான உப்புத்தாள்) போட்டால் புதுப் பெயிண்ட் பிடித்துக்கொள்ளும். மரம் மூச்சு விட வேண்டும், பழைய காலத்து நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அடித்தால்தான் சத்தம் திறக்கும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. சத்தத்தைப் பிடிக்கும் காந்தமான பிக்கப் பார்ப்பது கம்பியை. ஆம்ப் வழியாக எனக்கு இதுவரை வித்தியாசம் கேட்டதில்லை.

கழற்றும் வேலை சுலபம். கழுத்தைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூ, முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு, பின்பக்கம் ட்ரெமோலோ (கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் பிடி) ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங் மாட்டும் இரும்புத் தகட்டில் ஒரு எர்த் ஒயர் பற்றவைத்திருக்கும், அதை இழுத்து அறுத்துவிடாதீர்கள். கழுத்து உட்காரும் குழிக்குள் பெயிண்ட் போகக் கூடாது. அங்கே ஒரு பூச்சு ஏறினாலும் கழுத்து சரியாக உட்காராது, அழுத்தி மாட்டினால் ஓரம் வெடிக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, அதே ஸ்க்ரூ துளைகளில் ஒரு ரீப்பர் கட்டையை முடுக்கிவிட்டால் பிடிக்க ஒரு கைப்பிடி ஆச்சு, துணிக்கொடியில் தொங்கவிட ஒரு கொக்கியும் ஆச்சு.

அடிபட்ட பள்ளங்களில் பட்டி பார்த்து, காய்ந்ததும் கட்டை வைத்துத் தேய்த்து, மேலே சாம்பல் பிரைமர். புதுப்பேட்டையில் கார் பெயிண்ட் ஷெட் வைத்திருக்கும் மேஸ்திரி ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலை இங்கேதான் வருகிறது. பிரைமர் காய்ந்ததும் அதன் மேல் தூரத்திலிருந்து கறுப்பை லேசாக, தூவினமாதிரி அடிக்க வேண்டும். பிறகு 400 பேப்பரில் தேய்த்தால் மேடெல்லாம் சாம்பலாகும், பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். விரலுக்குத் தெரியாத பள்ளம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். "கலர் எவன் வேணா அடிப்பான் தம்பி, பேப்பர் போடுறதுலதான் வேலையே இருக்கு" என்பார். அவர் சொன்னதற்கு மேல் இந்த விஷயத்தில் சொல்ல எதுவும் இல்லை. கலர் அடிக்க ஒரு காலை போதும். முன்னும் பின்னும் தேய்ப்பதும் காத்திருப்பதும்தான் மாதக்கணக்கு.

கலர் அடிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். வெந்நீர் கூடாது, அது வெடிக்கிற சாமான். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஒரு சாண் அல்லது சற்றுக் கூடுதல் தூரம். உடலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்து போய், வெளியே விட வேண்டும். அடுத்த ஓட்டம் முந்தியதன் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சு அடியிலிருக்கும் சாம்பல் பிரைமர் தெரியுமளவு மெல்லிசாக இருந்தால்தான் சரி. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. ஒரே தடவையில் மூடிவிட ஆசைப்பட்டால் வழியும். கொசு வந்து ஒட்டினால் விரலால் எடுக்காதீர்கள். அது காயட்டும், பிறகு பேப்பரில் போய்விடும்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் புகை நினைப்பதைவிட நெடுந்தூரம் போகும். கீழ் வீட்டு மாமி மாடிப்படியில் நின்றுகொண்டு, "வடாம் இன்னிக்குப் பிழியலாமா, இல்ல உங்க கிட்டார் கலர்ல வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாவு கிளறினார். அன்றைக்கு மாடியை அவருக்கே விட்டுவிட்டேன்.

கிளியரில்தான் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கார்களுக்கு அடிக்கும் டூ-கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து இறுகும் வகை, கெட்டி, பளபளப்பு, சில நாளில் தயார். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலுக்குப் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் துளி பட்டாலும் ஆகாது. கோவிட் காலத்து மாஸ்க் இதற்கு ஒன்றும் செய்யாது. பக்கத்து வீடு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்க, குழந்தைகள் விளையாடும் மாடியில் நான் அதை அடிக்க மாட்டேன். அதுதான் வேண்டுமென்றால் பெயிண்ட் பூத் இருக்கும் ஷெட்டில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். நான் போட்டது ஹார்டனர் இல்லாத சாதாரண ஒன்-கே அக்ரிலிக் கிளியர். அதற்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அடித்தேன். கலரும் கிளியரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். சிந்தெடிக் எனாமல் மேல் தின்னர் காரமான லாக்கரை (தின்னர் ஆவியாகிக் காயும் பூச்சு) அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிக் கிளம்பிவிடும். எதற்கும் ஒரு பலகைத் துண்டில் அடித்துப் பார்த்துவிடுங்கள். கிளியரை விளிம்புகளில் முதலில் அடியுங்கள். பின்னால் தேய்க்கும்போது முதலில் கரைந்துபோவது விளிம்புதான்.

அதன் பிறகு கிட்டாரை அறையில் தொங்கவிட்டு மூன்று நான்கு வாரம் மறந்துவிட வேண்டும். அக்கா பையன் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்தான். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் இல்லை. மூக்கை வைத்து முகர்ந்தால் தின்னர் வாசனை சுத்தமாக வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் பிக்கார்டு மூடும் இடத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதிந்தால் இன்னும் காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு வாட்டர் பேப்பர் 1000, 1500, 2000. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. பேப்பரை வெறும் கையால் அழுத்தாமல் ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். வரும் கூழ் வெள்ளையாக இருக்கும்வரை கவலையில்லை, நீங்கள் கிளியரில் இருக்கிறீர்கள். பச்சை தெரிந்தால் அந்த நொடியே கையை எடுங்கள். ஸ்க்ரூ துளைகளில் மெழுகு அடைத்துவிடுங்கள். அதில் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பிச் சுற்றிலும் பெயிண்ட் வெடிக்கும். பரப்பு முழுக்க ஒரே மங்கலாக ஆனதும் ரப்பிங் காம்பவுண்ட், அப்புறம் பாலிஷ். துடைக்கப் பனியன் வேஸ்ட்டைவிட நல்ல துணி கிடையாது. தையல், பட்டன் இருக்கும் துண்டுகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

மாட்டும்போது ஒரு விஷயம். ஸ்க்ரூ துளையின் வாயைப் பெரிய டிரில் பிட் ஒன்றைக் கையில் பிடித்து மெல்லத் திருகி அகட்டினால், ஸ்க்ரூ இறங்கும்போது கிளியர் நட்சத்திரமாக விரிசல் விடாது. ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பு தடவிக்கொள்ளுங்கள்.

இப்போது அவன் வீட்டில் ஸ்டாண்டில் நிற்கிறது. ஸ்டாண்டின் ரப்பர் பிடிகளில் பழைய வேட்டித் துணியைச் சுற்றச் சொல்லியிருக்கிறேன். லாக்கர் வகைப் பூச்சை அந்த ரப்பர் மாதக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் இளகித் தழும்பு விழும். வினைல் ஸ்ட்ராப்பும் அதே வேலையைச் செய்யும், பருத்தியில் வாங்கிக் கொள்ளச் சொன்னேன். அடுத்து அவன் இசைக்குழுவில் இருக்கும் நண்பனின் பேஸ் கிட்டாரைக் கொண்டுவருகிறானாம், அதற்கும் கறுப்பு வேண்டாமாம். பங்குனி முடியப் போகிறது, மீட்டர் 70-ஐத் தாண்டிவிட்டது. அடுத்த மாசிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.