பாப்பாவின் பெல்ட்டும் அத்தையின் கையும்

பாப்பா வயிற்றில் தலை திரும்பவே இல்லை. கடைசிவரை புட்டம் கீழாகவே இருந்தாள். சிசேரியன். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் இரண்டு முட்டியையும் மடக்கி மெதுவாக விரித்தார். இடது பக்கம் ஏதோ கையில் தட்டுப்பட்டிருக்கும்போல, மறுபடியும் பார்த்துவிட்டு ஸ்கேன் எழுதினார். இந்த வயதில் தொடை எலும்பின் பந்து வெறும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாதாம். ஸ்கேனில் அது இடுப்பு எலும்பின் குழியை விட்டு விலகியிருந்தது.

பாவ்லிக் ஹார்னஸ் போட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பெல்ட். 1940களில் செக் நாட்டு டாக்டர் அர்னால்ட் பாவ்லிக் உருவாக்கியது. தோளிலிருந்து பாதம் வரை துணிப்பட்டை. தவளை மாதிரி கால் மடங்கி விரிந்திருக்கும், ஆனால் பிள்ளை உதைக்கலாம். உதைக்க உதைக்கத்தான் பந்து குழிக்குள் அமரும். பட்டையை டாக்டர்தான் வாராவாரம் சரிசெய்வார், நாங்கள் கழற்றக் கூடாது. மற்றதெல்லாம் எங்கள் கையில்.

என் அத்தை திருமங்கலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் குளிப்பாட்டியவர். காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, பிள்ளையின் இரண்டு காலையும் சேர்த்து நீட்டி நீவிவிடுவார். இனி அப்படி இழுக்கக் கூடாது, கால் சேர்ந்துவிடுகிற சேலைத் தூளியும் வேண்டாம் என்றார் டாக்டர். பஸ்ஸில் அத்தை பேசவே இல்லை. இறங்கும்போது, "நான் நீவுனதுலதான் இப்படி ஆச்சா தாயி?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வயிற்றில் இருந்த நிலையே பெரிய காரணமாம், தலைப்பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை என்றால் கூடுதலாக வருமாம் என்று சொன்னேன். நம் ஊரில் பிள்ளையை இடுப்பில் உட்காரவைத்துத் தூக்குவது இந்த மூட்டுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அப்புறம்தான் முகம் தெளிந்தது.

பெல்ட்டோடு குளியல் இல்லை, ஈரத்துணிதான். டயப்பர் மாற்றக் கணுக்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, புட்டத்துக்கு அடியில் கை கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரே நாளில் பழகிவிட்டார். சித்திரை வெயிலில் முட்டிமடிப்பு சிவந்துபோனது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வீடு நிறையச் சொந்தம். 'பச்சப்பிள்ளையை இப்படிக் கட்டிவைக்கலாமா' என்று கேட்டவர்களுக்கெல்லாம் அத்தையே பதில் சொன்னார்.

ஒருநாள் சாயங்காலம் அவர்தான், "இடது காலை நீட்டி உதைக்கவே மாட்டேங்கிறா" என்றார். அன்று இரவே போனோம். கால் அளவுக்கு மேல் மடங்கியிருந்து தொடை நரம்பு அழுந்தியிருந்தது. டாக்டர் பட்டையைத் தளர்த்தினார். மூன்றாம் நாள் பாப்பா உதைத்தாள், அத்தை அழுதுவிட்டார்.

பன்னிரண்டு வாரம் கழித்து, ஸ்கேனில் பந்து குழிக்குள் இருந்தது. ஆறு மாதம் ஆனதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பெல்ட் கழன்ற மறுநாள் அத்தை வெந்நீர் போட்டு, பாப்பாவைக் காலில் கிடத்தி, தலை, முதுகு, கை எல்லாம் நீவினார். கால் பக்கம் வந்ததும் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினார்.