மீன்பாசி நோட்டு காப்பாற்றியது

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்கள் இழப்பீட்டுத் தொகையை வாய்க்கு வந்தபடி எழுதாதீர்கள். கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டணம். ஆலைக்கழிவு கலந்து எங்கள் ஏரி செத்த ஆத்திரத்தில் ஐந்து கோடி என்று எழுதிவிட்டு, ஐந்து லட்சம் கட்டணும் என்றதும் விழித்தோம்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நீர்வாழ் உயிர், பயிர், சூழலைச் சீராக்கும் செலவு எல்லாமே உண்டு. ஆனால் கிணறுகளுக்கு ஊறிய தண்ணீருக்கும், கோடையில் அள்ளிய வண்டலுக்கும் யாரிடம் ரசீது இருக்கிறது?

மீனுக்கு மட்டும் இருந்தது: மீன்பாசி, அதாவது ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் விட்ட கணக்கு. அதன் நகலுக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு நடை. மூன்று முறையும் "பீரோ சாவி வச்சிருக்கறவர் லீவுங்க." நான்காம் முறை தகவல் உரிமை மனுவோடு போனேன். சாவி மேசை இழுப்பறையிலேயே இருந்தது! கரையான் ஓரத்தைத் தின்ற நோட்டு. ஒரு வருஷத்துக்கு நேராக, "மீன் இல்லை, ஏலம் கோருவார் இல்லை" என்று யாரோ பச்சை மையில் எழுதியிருந்தார்கள். வக்கீல் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு தேதியைப் பார்த்தார். இழப்பீடு கேட்க ஐந்து வருஷக் கெடு; முடிய பத்தொன்பது நாள்தான் பாக்கி.

அவர்தான் சர்வதேச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பைச் சொன்னார். சூழல் தரும் பயன்கள் கெட்டாலும் இழப்பீடு உண்டு என்று ஏற்ற தீர்ப்பு. அந்தத் தலைப்பில் நிகராகுவாவிடம் கோஸ்டா ரிக்கா கேட்டது 28 லட்சம் டாலருக்கு மேல், கிடைத்தது 1,20,000. "ஒரு நாடு கேட்டே இவ்வளவுதான். நாம அடக்கி வாசிப்போம் சார்." மீனுக்குப் பணம், தண்ணீருக்கும் வண்டலுக்கும் ஏரியை மீட்டுத் தரும் உத்தரவு என்று பிரித்துக் கேட்டோம். கட்டணமும் இறங்கியது.

தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கச் சென்னைக்குப் போன முதல் பயணம் வீண். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்கவில்லை, எங்கள் தப்புதான். கரையான் தின்ற எழுத்துக்களை ஊகித்து ராத்திரி முழுக்க மொழிபெயர்த்தோம். கெடுவுக்கு ஆறு நாள் முன்னால் மனுவுக்கு எண் விழுந்தது.

சூழல் சேதத்துக்கென்று தீர்ப்பாகும் தொகை சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்குத்தான் போகும், நம் கைக்கு வராது. இதை ஊரில் முன்பே சொல்லிவிடுங்கள். நான் இன்னும் சொல்லவில்லை. டீக்கடைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டிருக்கிறேன்.