தீக்குப் பிறகு 14 பக்கம்

“அதுவரைக்கும் அவ அந்தத் தீயிலயே நிக்கணுமாக்கா?”

தம்பி என்று நான் கூப்பிடும் எழுத்தாளர், நான் செம்மையாக்கிய நாவலின் ஆசிரியர், கேட்டது இவ்வளவுதான். குரல் உயரவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு மாமாக் உணவுக் கடையில், மெய்ப்புப் படியின் கடைசித் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “ஒரு வருஷந்தானே தம்பி. மூணாவது பாகத்துல அதையே முதல் அத்தியாயமா வச்சிருவோம்” என்றேன். தலையாட்டினார். அந்த 14 பக்கமும் இரண்டாம் பாகத்திலிருந்து போயின.

எடுத்தது சரிதான் என்று சொல்ல எனக்குக் காரணங்கள் உண்டு.

மூன்று பாக நாவலில் செம்மையாக்குகிறவருக்குப் பெரும்பாடு நடுப்பாகம். முதல் பாகம் அச்சாகிவிட்டது. அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. மூன்றாம் பாகம் எழுதப்படவே இல்லை; அதை நம்பி எதையும் தள்ளிப்போடக் கூடாது. உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை என்றால் இன்னும் சிக்கல். பொருள் குறைந்த உலகத்தில் வாசகர் எண்ணிக்கொண்டே வருவார். உப்பு எத்தனை பிடி, கத்தி யாரிடம், எந்தக் கையில் காயம் என்று எழுத்தாளர் மறந்ததை அவர் மறக்க மாட்டார். அதனால் கையெழுத்துப் படியைத் தொடும் முன்பே முதல் பாகத்தை மறுபடி படித்து ஒரு பதிவேடு போட்டேன். பெயர், வயது, தழும்பு, கையிருப்பு, கடைசியாக யார் எங்கே இருந்தார், யாருக்கு எது தெரியும் என்று தனித்தனிப் பத்தி. கடைசிப் பத்திதான் உயிர்நாடி. தனக்குத் தெரியவே வழியில்லாத சேதியை ஒரு பாத்திரம் பேசிவிடுவதுதான் நடுப்பாகத்தில் அதிகம் நடக்கும் தவறு.

அந்தப் பதிவேட்டில் சிக்கியவை கொஞ்சமல்ல. முதல் பாகம் பௌர்ணமியில் முடிகிறது. இரண்டாம் பாகம் 9 நாள் கழித்துத் தொடங்குகிறது, முன்னிரவில், நிலா வெளிச்சத்தில். நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி எழும். 9 நாளில் ஏழரை மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். இரவு 2 மணிக்கு மேல்தான் தலைகாட்டும். காட்சியை விடியலுக்கு முன் நகர்த்தினோம். இன்னோர் இடத்தில், குகை ஊரான கல்மேட்டுக்குத் தம்பி பெயர் மாற்ற நினைத்து ‘கல்மேடு’ என்று தேடி மாற்றியிருந்தார். ‘கல்மேட்டில்’, ‘கல்மேட்டுக்கு’, ‘கல்மேட்டார்’ எல்லாம் அப்படியே நின்றன. இப்படிப்பட்ட தமிழ்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது அடியே மாறிவிடும். எல்லா வடிவத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டும். கடைசியில் பழைய பெயருக்கே திரும்பினோம். முதல் பாகம் வாங்கியவர் கையில் அந்தப் பெயர்தானே இருக்கிறது.

என்.கே. ஜெமிசினின் ‘புரோக்கன் எர்த்’ வரிசையைப் பற்றித் தம்பியிடம் பலமுறை பேசியிருக்கிறேன். 2015, 2016, 2017 என்று ஆண்டுக்கு ஒன்றாக வந்த மூன்று நாவல்களும் 2016 முதல் 2018 வரை தொடர்ந்து ஹியூகோ விருது பெற்றன. நடுப்பாகமான ‘தி ஒபெலிஸ்க் கேட்’ தன் பலத்தில் நிற்பதற்கு ஒரு பெரிய காரணம், முதல் பாகத்தில் தாய் தேடிக்கொண்டிருந்த மகளுக்கு அதில் தனியாக ஒரு கதை திறப்பது. நடுப்பாகம் பாலமாக மட்டும் இருந்தால் யாரும் அதில் நிற்க மாட்டார்கள். அதற்கென்று ஓர் இழை வேண்டும், அந்த இழை அதிலேயே ஒரு முடிச்சுக்கு வர வேண்டும். இதைச் சொன்னவள் நான்தான். தம்பியும் கேட்டுக்கொண்டு, கல்மேட்டில் விளக்குக்கான செம்பனை எண்ணெய்க் கிடங்கைக் காக்கும் கிழவியை இரண்டாம் பாகத்தில் புதிதாகக் கொண்டுவந்தார். மாரி என்ற பெண் அவளிடம் வேலை பழகுகிறாள். பாகம் முழுக்க அந்த இருவர்தான்.

அந்தக் கிடங்கு சரியாக வர நாங்கள் பட்ட பாடு தனி. முதல் வரைவில் செம்பனைக் குலைகளை அறுத்து மூன்று நாள் குவித்துவைத்துப் பிறகு பிழிந்தார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த யாரும் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். குலை அறுத்த 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். அடிபட்ட பழத்தில் நொதி வேலை செய்து எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். நீராவியில் வேக வைத்தால்தான் அது நிற்கும். கச்சா செம்பனை எண்ணெயில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இங்கே ஆலைக் கணக்கு. குகைவாசிகளிடம் கொதிகலன் இல்லை. அதனால் குலையை அறுத்த அன்றே அண்டாவில் நீர் ஊற்றி, மேலே தட்டு வைத்து மூடி வேக வைப்பதாக மாற்றினார்.

அடுத்தது தீ. விளக்குச் சரிந்து எண்ணெய்த் தொட்டியில் விழுகிறது, குப்பென்று பற்றிக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். செம்பனை எண்ணெய் அப்படிப் பற்றாது; 300 பாகைக்கு மேல் சூடேறினால்தான் பற்றும். விழுந்த விளக்கு அணைந்துதான் போகும். பற்றுவது பக்கத்தில் காயப் போட்டிருக்கும் நார்ச்சக்கை. பழம் பிழிந்து மிஞ்சும் அந்தச் சக்கையைத்தான் ஆலையில் கொதிகலனுக்கு எரிபொருளாகப் போடுகிறார்கள். ஆகவே விளக்கு சக்கைக் குவியலில் விழுகிறது, சக்கை எரிந்து இரும்புத் தொட்டியைக் காய்ச்சுகிறது, நேரம் எடுத்து எண்ணெய் பற்றுகிறது. இந்த நேரம் கதைக்குப் பெரிய வரம். மாரி ஓடி வருகிறாள். கையில் கிடைத்த வாளித் தண்ணீரை ஊற்றுகிறாள்.

எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைத் தம்பி நாலே வரியில் எழுதினார். தண்ணீர் கனம், எண்ணெய்க்கு அடியில் இறங்குகிறது. இறங்கிய கணத்தில் ஆவியாகிறது. ஆவி தண்ணீரைப்போல 1,700 மடங்கு இடம் கேட்கும். எரிகிற எண்ணெயைத் தூக்கிக் குகைக் கூரையில் அடிக்கிறது. இரண்டாம் பாகத்தில் என் பேனா படாத வரிகள் அவை.

பிறகு அந்த 14 பக்கம். தீ அடங்கிவிட்டது. மாரியின் வெந்த கைகளைக் குளிர்ந்த ஊற்று நீரில் பிடித்துக்கொண்டு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். “எண்ணெய்த் தீக்குத் தண்ணி ஆகாதுன்னு உனக்கு யாரும் சொல்லல. சொல்ல வேண்டியவ நான்” என்கிறாள். வேறு பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

எடுங்கள் என்றேன். வாசகர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் திரை விழ வேண்டும் என்றேன். அப்போது அதை உண்மையாகவே நம்பினேன். ஆனால் அன்று மேசையில் வேறு கணக்கும் இருந்தது. அச்சில் 16 பக்கம் சேர்ந்தது ஒரு பாரம்; புத்தகம் முழுப் பாரங்களாகத்தான் அச்சாகும். தீயோடு முடித்தால் 336 பக்கம், சரியாக 21 பாரம். 14 பக்கம் சேர்த்தால் 22 பாரம், 352 பக்கம், கடைசி இரண்டும் வெற்று. அட்டை 336 பக்கக் கணக்கில் தயாராகியிருந்தது. தாளுக்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால் முதுகு 16.8 மில்லிமீட்டர், 8 தாள் கூடினால் 17.6. அட்டையைத் திறந்து முதுகை அகட்டி, தலைப்பை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி பார்வைக்கு அனுப்ப வேண்டும். வெளியீட்டுக்கு மண்டபம் எடுத்தாகிவிட்டது. இங்கே தமிழ்ப் புத்தகத்துக்கு வெளியீட்டு நாள்தான் சந்தை. அன்று கைக்கு வராத படிகள் பெட்டியிலேயே கிடக்கும். இது தெரிந்தவர் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனாலும் எது முதலில் வந்தது, கதையா பாரமா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

மனத்தில் முள்ளாகக் கிடப்பது இன்னொன்று. தம்பி தயங்கியபோது நான் சிலப்பதிகாரத்தை இழுத்தேன். “புகார்ல பத்து, மதுரையில பதிமூணு, வஞ்சியில ஏழு. இளங்கோவே தீயை நடுக் காண்டத்துலதானே வச்சாரு?” என்றேன். அவர் தமிழ் இலக்கியம் முறையாகப் படித்தவர் அல்லர்; அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

இளங்கோ தீயை நடுக் காண்டத்தில் வைத்தது உண்மை. ஆனால் மதுரைக் காண்டம் தீயோடு முடியவில்லை. ஊர் எரியும் அழற்படு காதை காப்பியம் முழுவதிலும் 22ஆவது; அதற்குப் பின் கட்டுரை காதை இருக்கிறது. ஊர் எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன்னே வரத் துணியாமல் பின்னே வந்து நின்று பேசுகிறது. நடந்ததற்குக் காரணம் சொல்கிறது. கிழக்கு வாயிலில் கணவனோடு நுழைந்தவள் மேற்கு வாயிலில் தனியே வெளியேறுகிறாள். கணவனைக் காணும் வரை உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று வையைக் கரையோடு நடக்கிறாள். மலையேறி, வேங்கை நிழலில், 14 நாள் கழிந்த பிறகுதான் காண்டம் முடிகிறது. நான் எடுக்கச் சொன்னதும் அப்படி ஓர் அத்தியாயம்தான். எண்ணிக்கையைச் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த 13இல் கடைசி எது என்பது நாக்கில் வரவில்லை. அல்லது வந்தும் அடக்கினேனா?

திரை விழுந்த இடம் பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியீட்டுக்குப் பின் அடுத்த பாகம் எப்போது என்று கேட்காதவர் குறைவு. ஆனால் கூட்டம் ஒன்றில் ஓர் ஆசிரியை எழுந்து, “அந்தப் பொண்ணு வேணும்னுதானே தண்ணிய ஊத்தினா?” என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். கிடங்கு வேலை பழகியவளுக்கு இதுகூடவா தெரியாது என்பது அவர்கள் வாதம். புத்தகத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் நியாயமான வாதம். மறுக்க வேண்டிய பக்கங்கள் என் கணினியில் இருந்தன. தம்பி, “அடுத்த பாகத்துல பாருங்க” என்று சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்த பாகம் இன்னும் வரவில்லை. எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த 14 பக்கத்தைத் தொடக்கத்தில் வைத்து மூன்று முறை முயன்றோம், ஒட்டவில்லை. தீயின் சூடு வாசகர் உடம்பில் இருக்கும்போது படிக்க எழுதியது அது. ஆண்டுகள் கழித்து, முன்கதைச் சுருக்கத்துக்குப் பின்னால் வரும்போது கிழவியின் பேச்சு வெறும் விளக்கமாகத் தேய்ந்துவிடுகிறது. முன்பே தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

போன மாதம் மறுபதிப்புப் பேச்சு வந்தது. அட்டையை எப்படியும் திறக்க வேண்டும், முதுகு ஒரு தடை அல்ல. “அந்த அத்தியாயத்த இப்ப சேர்த்துடலாமா தம்பி?” என்று கேட்டேன்.

“முன்னாடியே வாங்கினவங்ககிட்ட என்னக்கா சொல்றது?” என்றார்.