எஃப்ஆர்சி பேட்டரிகள்: இந்த சீசனுக்கான தயாரிப்பு எதுவரை வந்திருக்கிறது

எஃப்ஆர்சி (FIRST Robotics Competition) என்ற மாணவர் ரோபோ போட்டிக்கான எங்கள் அணியின் பேட்டரி வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ரோபோ கட்டுவதில் மாணவர்கள் காட்டும் ஆர்வம் இதில் அவ்வளவாக வராது. ஆனால் சுமார் இரண்டரை நிமிட மேட்ச்சில் ரோபோ பாதியில் திணறாமல் ஓடுவதற்கு இந்த வேலைதான் அடிப்படை.

எஃப்ஆர்சி ரோபோவுக்கு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்றுதான் அனுமதி. சுமார் 18 ஆம்பியர் மணி, கிட்டத்தட்ட 6 கிலோ. முதலில் எங்களிடம் உள்ள எல்லா பேட்டரிகளிலும் டெர்மினல் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றில் போல்ட் இறுக்கமாகத்தான் தெரிந்தது. கறுப்பு வயரைப் பிடித்து லேசாகத் திருப்பினால் லக் (வயர் நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) கூடவே திரும்பியது. இதைச் சாதாரணமாக விடக் கூடாது. இணைப்பில் 10 மில்லி ஓம் கூடினாலே, 200 ஆம்பியர் இழுக்கும்போது 2 வோல்ட் அங்கேயே போய்விடும். வோல்ட்டேஜ் 6.3-க்குக் கீழே இறங்கினால் ரோபோவின் கட்டுப்பாட்டுக் கணினியான ரோபோரியோவின் முதல் பதிப்பு மோட்டார்களை நிறுத்திவிடும். "புரோகிராம் கோடில் ஏதோ கோளாறு" என்று பிள்ளைகள் மணிக்கணக்கில் தேடுவது பல நேரம் இந்தத் தளர்ந்த இணைப்பைத்தான்.

ஸ்டார் வாஷர் (பல் வைத்த வாஷர்), நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராத நட்) போட்டு இறுக்கினோம். ஒரு டெர்மினலை இறுக்கி, டேப் சுற்றி மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் ஒரே நேரத்தில் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை.

சார்ஜிங் 6 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. காலியான பேட்டரி நிறைய மூன்று, நான்கு மணி நேரமாவது ஆகும், அதனால் பிட்டில் (போட்டி நடக்கும் இடத்தில் அணி வேலை செய்யும் இடம்) பேட்டரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது முக்கியம். ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, வோல்ட்டேஜும் உள் மின்தடையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறோம். மின்தடை ஏறிக்கொண்டே போகிறவை இனி பயிற்சிக்கு மட்டும்.

அப்புறம் பயணம். வேனில் போகும்போது நிமிர்த்தி வைத்து, கனெக்டருக்கு மூடி போட்டு, பெட்டியைக் கட்டிவிடுகிறோம். மேலே இரும்புச் சாமான் எதுவும் வைப்பதில்லை. வயரைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று புதுப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழே விழுந்த பேட்டரியைத் தனியே ஒதுக்கிவிடுகிறோம், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் சரி. அமிலம் கசிந்தால் அதை முறிக்கத் தூவ பேக்கிங் சோடா ஒரு டப்பா பெட்டியோடு வரும்.

ஹூஸ்டன் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்றால் விமானத்தில்தான் போக வேண்டும். பயணிகள் கொண்டுபோகும் கசியாத வகை லெட்-ஆசிட் பேட்டரிக்கு வரம்பு 100 வாட் மணி. நம்முடையது 12 × 18 = 216. செக்-இன் பெட்டியிலும் கிடையாது, கைப்பையிலும் கிடையாது. சரக்காக முன்கூட்டியே அனுப்புவதா, அங்குள்ள அணி ஒன்றிடம் இரவல் கேட்பதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இரவல்தான் சரியாகப் படுகிறது. ஆனால் அவர்கள் பேட்டரி நம் ரோபோவின் தட்டில் உட்கார வேண்டுமே. அந்தத் தட்டைக் கொஞ்சம் அகலமாக்கி வரையும் வேலை இந்த வாரம் நடக்கிறது.