கரண்ட் போய் வந்தால் விஎம் தானே எழ வேண்டும்

ஐப்பசி மழையில் நடுராத்திரி கரண்ட் போய் வருகிறது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால், வியாசர்பாடியில் இருக்கும் ஆள் மண்ணடி ஆபீசுக்கு வந்து சர்வரைத் தட்டிவிட முடியாது. ஒரே லினக்ஸ் சர்வரில் பில்லிங், ஃபைல் ஷேர் என்று நாலு விஎம் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டும் ஆபீஸ்களுக்கு இது. கேவிஎம் (லினக்ஸில் விஎம் ஓட்டும் வசதி), லிப்விர்ட் (அவற்றை நிர்வகிக்கும் மென்பொருள்) கணக்கில் சொல்கிறேன்.

விஎம்மைத் தானே எழவைக்கும் கட்டளை சின்னதுதான்: 'விர்ஷ் ஆட்டோஸ்டார்ட்' (விர்ஷ் என்பது லிப்விர்ட்டின் கட்டளைக் கருவி), அடுத்து விஎம் பெயர். சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு அடியுங்கள். சாதாரண யூசராக அடித்தால் விர்ஷ் அந்த யூசரின் தனி செஷனைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு விஎம்மே இல்லை என்கும். டிஃபால்ட் நெட்வொர்க்குக்குத் தனியாக 'நெட்-ஆட்டோஸ்டார்ட்' வேண்டும்; நெட்வொர்க் எழாவிட்டால் அதை நம்பியிருக்கும் விஎம்மும் எழாது. பின்னணியில் ஓடும் லிப்விர்ட்டி சர்வீஸும், பூட் ஆகும்போதே எழும்படி எனேபிள் ஆகியிருக்க வேண்டும் (புதிய பதிப்புகளில் விர்ட்கியூஎம்யூடி). சாக்கெட் (யாராவது கூப்பிட்டால்தான் சர்வீஸை எழுப்பும் வாசல்) மட்டும் எனேபிள் என்றால், யாராவது விர்ஷ் அடிக்கும்வரை எல்லாம் தூங்கும்.

நிறையப் பேர் ஏமாறுவது, சர்வர் அணையும்போதும் எழும்போதும் விஎம்களைக் கவனிக்கும் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸில். அதில் 'ஆன்பூட்' ஸ்டார்ட் என்று வைத்தால் போதும் என நினைக்கிறார்கள். ரீபூட் செய்து பார்த்தால் எல்லாம் அழகாக வரும். ஆனால் எந்தெந்த விஎம் ஓடிக்கொண்டிருந்தது என்ற பட்டியலை அது ஷட்டவுன் ஆகும்போதுதான் எழுதுகிறது. பட்டென்று கரண்ட் போனால் பட்டியலே கிடையாது, எதுவும் கிளம்பாது. நம் ஊருக்கு ஆட்டோஸ்டார்ட்தான் சரி. அந்த சர்வீஸை ஒழுங்காக அணைப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அணைப்பதிலும் கணக்கு உண்டு. அந்த சர்வீஸில் ஷட்டவுன் டைம்அவுட் (விஎம் அணையக் காத்திருக்கும் நேரம்) 300 விநாடி, ஒன்றன்பின் ஒன்றாக என்றால், நாலு விஎம்மும் அடம்பிடிக்கும் நாளில் 20 நிமிடம் போகும். யூபிஎஸ் பேட்டரி அதுவரை தாங்காது. 'பேரலல் ஷட்டவுன்' 4 என்று வைத்தால் மொத்தத்துக்கும் சேர்த்தே 300 விநாடிதான்.

விஎம் டிஸ்க் வேறு டிரைவிலோ என்எஃப்எஸ்ஸிலோ (நெட்வொர்க் வழி ஸ்டோரேஜ்) இருக்கிறதா? எஃப்எஸ்டேபில் (பூட்டில் டிரைவ்களை இணைக்கும், அதாவது மவுன்ட் செய்யும், பட்டியல்) 'நோஃபெயில்' போட்டிருந்தால் மவுன்ட் ஆகுமுன்பே லிப்விர்ட் ஓடிவந்து, டிஸ்க் ஃபைலைக் காணாமல் அந்த விஎம்மை விட்டுவிடும், திரும்ப முயலாது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து லிப்விர்ட்டி (அல்லது விர்ட்கியூஎம்யூடி) சர்வீஸின் யூனிட் பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்' என்று அந்தப் பாதையை எழுதினால் மவுன்ட் முடியும்வரை காத்திருக்கும்.

கடைசியாக பயாஸ் (சர்வர் போர்டின் அடிப்படை செட்டிங்). கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'பவர் ஆன்' வையுங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' வைத்தால், யூபிஎஸ் சொல்லி ஒழுங்காக அணைந்த சர்வர் அணைந்தபடியே கிடக்கும். இன்னொன்று: சர்வர் அணைந்த பிறகு, யூபிஎஸ் தன் அவுட்புட்டைத் துண்டிக்குமுன் மெயின் கரண்ட் வந்துவிட்டால், சர்வருக்குக் கரண்ட் போனதே தெரியாது, எழவும் எழாது. அதனால் நட் என்ற யூபிஎஸ் கண்காணிப்பு மென்பொருளில் சர்வர் அணைந்ததும் யூபிஎஸ்ஸையும் வெட்டும் அமைப்பு வேலை செய்கிறதா பாருங்கள்.

சோதிக்க ரீபூட் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்துக்கொண்டு, சுவரில் யூபிஎஸ் ஸ்விட்சை அணைத்து, எல்லாம் அடங்கியதும் போடுங்கள். பத்து நிமிடம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு சூடோவோடு 'விர்ஷ் லிஸ்ட்' அடித்துப் பாருங்கள்.