அரைப் பைசா எந்தப் பக்கம்?

"அதெல்லாம் லைப்ரரியே பாத்துக்கும்மா." சொன்னது நான்தான், வேலை கேட்டு வந்த ஒருவரிடம். (லைப்ரரி என்றால் நூலகம் இல்லை; கணினி மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பு.) பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் காதில் கேட்கிறது.

2013ல் நடந்த நேர்காணல் அது. எங்கள் கம்பெனியில் வட்டிக் கணக்கு போடும் மென்பொருளை ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய கணினி மொழியிலிருந்து ஜாவா என்ற மொழிக்கு மாற்றுவதென்று கமிட்டி முடிவெடுத்திருந்தது. போகாமல் வழியில்லை. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு அடுத்த பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007லேயே கைவிரித்துவிட்டது. அதில் ஒரு டேபிள், அதாவது தரவு அட்டவணை, 2 ஜிபியைத் தாண்ட முடியாது. எங்கள் பரிவர்த்தனை டேபிளை அவ்வப்போது வெட்டி வெட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டா ஜாவாவா என்று மூன்று கூட்டம் பேசினோம், மதிப்பெண் அட்டவணையெல்லாம் போட்டோம். கடைசியில் ஜெயித்தது ஒரே வாதம்: "ஜாவான்னா நாளைக்கு ஆள் கிடைக்கும் சார்."

ஆள் கிடைத்தார்கள். நாலு இடத்துக்கு அறுநூறு விண்ணப்பம். அத்தனையையும் யார் படிப்பது? "ஜாவாவில் குறைந்தது 4 வருடம்" என்று சல்லடை போட்டதும் நான்தான். நான் அந்தப் பதிலைச் சொன்ன இவர் எப்படி அதில் தங்கினார் என்று தெரியவில்லை. மொத்தம் எட்டு வருட அனுபவம்; அதில் ஏழு ஒரு சீட்டு கம்பெனியில், ஃபாக்ஸ்ப்ரோ. ஜாவா ஒரே வருடம்.

ஜாவாவில் தரவை வைத்துக்கொள்ள இருக்கும் இரண்டு வகைகளான ஹாஷ்மேப்புக்கும் ஹாஷ்டேபிளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். திணறினார். (அந்தக் கேள்விக்கான பதில் வேலையில் எனக்கு ஒரு நாளும் உதவியதில்லை. என்னிடம் கேட்டார்கள், நானும் கேட்டேன்.) சம்பிரதாயத்துக்கு, "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றேன்.

"சார், வட்டியில அரைப் பைசா வந்தா இப்ப எந்தப் பக்கம் தள்றீங்க? புதுசுலயும் அதே பக்கம்தானா?"

அதற்குத்தான் அந்தப் பதில். பக்கத்திலிருந்த எச்ஆர் சிரித்தார். நானும் சிரித்தேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. தாளில் 'பொருத்தமில்லை' என்று எழுதினேன்.

பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டிப் பார்த்த மாதம், சில கணக்குகளில் ஒரு பைசா உதைத்தது. எல்லாவற்றிலும் உதைத்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம். 412.125 ரூபாய் வட்டி ஃபாக்ஸ்ப்ரோவில் 412.13, ஜாவாவில் 412.12. ஜாவாவில் எண்ணை வடிவமைத்துக் காட்டும் டெசிமல்ஃபார்மட், நாம் எதுவும் சொல்லாவிட்டால், சரிபாதியில் நிற்கும் எண்ணைக் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக வரும் பக்கம் தள்ளும். ஃபாக்ஸ்ப்ரோவின் ரவுண்ட் மேலே தள்ளும். லைப்ரரி பார்த்துத்தான் கொண்டது, அதன் வழக்கப்படி.

ஒன்பது நாள் போனது. கண்டுபிடித்தது யார் என்றால், அவருக்குப் பதிலாக நாங்கள் எடுத்த பையன். ஹாஷ்மேப் கேள்விக்குப் பதில் கொட்டியவன். அப்படியானால் என் தேர்வு சரிதானே? இதைச் சொல்லித்தான் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். பதினாலு மாதத்தில் அவன் வேறு கம்பெனிக்குப் போனதை இதில் சேர்க்கக் கூடாது. நல்ல சம்பளம் வந்தால் நானும் போயிருப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவரை எடுத்திருந்தால் ஆடிட்டில், "4 வருடம் என்று போட்டுவிட்டு ஒரு வருடக்காரரை எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். பெரிய நிறுவனத்தில் தப்பான ஆளை எடுத்ததற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை, விதியை மீறி எடுத்ததற்குக் கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அந்த விதியை எழுதியவனே நான் என்பதை என்ன செய்வது? எடுக்காமல் போனதுகூடப் பரவாயில்லை. கேள்வியையாவது குறித்து வைத்திருக்கலாம். தாளில் அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்; ஓரத்தில் இடம் இருந்தது.

போன மாதம் மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினோம். படிவம் தயாரிக்கும் வேலை என்னிடமே வந்தது. 'ஜாவா அனுபவம்' கட்டத்தை எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விண்ணப்ப எண்ணிக்கையைப் பார்த்தேன். கடைசியில் 4ஐ அடித்து 3 என்று போட்டு அனுப்பினேன். அவரிடம் அன்றைக்கு இருந்தது ஒன்று.