கேட்ட விருப்பமும் ஊகித்த விருப்பமும்

அப்பாவின் கைப்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக் கொடுத்த அன்று, அவர் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு செயலியில் எழுத்து மட்டும் பெருத்துப் பொத்தான் பழைய அளவிலேயே இருந்ததால், ‘உறுதிசெய்’ என்ற சொல் ‘உறு…’ என்று அறுபட்டு நின்றது. "பழையபடியே வைத்துவிடு, கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறேன்" என்றார். எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ குறையக்கூடாது என்று வலைத்தளங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல் சொல்கிறது. செயலிகளுக்கும் அதே அளவுகோல் பொருந்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயனருக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இடைமுகம் என்றாலே, நம் பழக்கத்தைக் கவனித்து ஊகிக்கும் மென்பொருளைத்தான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் எழுத்தளவு, வண்ண வேறுபாடு, அசைவுக் குறைப்பு ஆகியவற்றில் நம் விருப்பத்தை அமைப்புகளில் நாமே தெரிவித்திருக்கிறோம். அதை முழுமையாக நிறைவேற்றாத செயலி, நாம் சொல்லாததை ஊகிக்கப் புறப்படுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

இருண்ட தோற்றத்தையே எடுத்துக்கொள்வோம். 2019இல் ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 ஆகியவற்றின் வழியாக அது கைப்பேசிகளில் பரவலானது. பலருக்கு அது இதமாக இருக்கிறது. எனக்கோ ஆஸ்டிக்மாட்டிசம், அதாவது கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் பார்வை மங்கும் குறை, இருக்கிறது. கருந்திரையில் கண்மணி விரிவதால் பார்வைக் குறை கூடுதலாகப் புலப்பட்டு, வெள்ளை எழுத்தின் ஓரங்கள் கசிந்ததுபோல் தெரிகின்றன. ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அது ‘ண’வா ‘ன’வா என்று ஒரு நொடி தயங்குகிறேன். மாலையானதும் தானாகவே கருமைக்கு மாறும் செயலிக்கு இது தெரிய வழியில்லை. ஒருமுறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நிறம் மாறினாலாவது கண் சற்று நேரத்தில் பழகிக்கொள்ளும், இடம் மாறினால் கை தடுமாறிவிடும். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000, குறைவாகப் பயன்படுத்தும் கட்டளைகளைப் பட்டியலிலிருந்து மறைத்துவைத்தது. நேற்று இருந்த கட்டளை இன்று காணாமற்போகவே, பட்டியல் சுருங்கியதால் மிச்சமான நேரம் தேடுவதிலேயே கரைந்தது. 2007 பதிப்பின் வேர்டிலும் எக்செலிலும் அந்தப் பட்டியல்களின் இடத்தை, கட்டளைகளைப் பொத்தான்களாக அடுக்கிக் காட்டும் ‘ரிப்பன்’ என்ற பட்டை பிடித்துக்கொண்டது. அடிக்கடி தேவைப்படும் கட்டளையின் நகலை மேலே தனியாக வைத்து, மூலத்தை அதே இடத்தில் விட்டுவைத்திருந்தால், ஊகம் தவறும் நாளிலும் கை பழகிய இடத்துக்கே போய் அதை எடுத்துக்கொள்ள முடிந்திருக்கும்.